தொட்டறியும் கலை

பொருட்காட்சிச் சாலைகளுக்குச் சென்று வந்தோர் யாவரும் ஆங்காங்கே தொங்கும் ஒரு சிறு பலகையைக் கண்டிருப்பர். "தொடாதீர்கள்" என்பதே அதன் வாசகம். பழைய ஓவியத்துக்கும் அருமையான சிலைக்கும் அவ்வெச்சரிக்கை வேண்டுவதே. பதினாயிரம் விரல்கள் பட்டாற் பாறையும் தேயும். ஆயினும் அப்பலகையை நெடுங்காலம் பார்த்துப் பழகிய நம்மனோர் உள்ளத்தில் வேறோர் எண்ணமும் அதனோடு குடிபுகுந்துவிட்டது. கலை என்பது கலைஞன் செய்து முடித்துவைக்க நாம் எட்ட நின்று வியத்தற்குரியது. விஞ்ஞானம் என்பது விஞ்ஞானி கண்டு முடித்துவைக்க நாம் எட்ட நின்று நம்புதற்குரியது என்பதே அவ்வெண்ணம். இவ்விரண்டும் பிழை என்பது எனது துணிபு. அப்பிழையை நீக்குதற்கு, விஞ்ஞானமும் கலையும் ஒன்று கலந்து, காண்போரின் கையும் காலும் செவியும் பட்டு நிறைவெய்துமாறு பொதுவிடங்களில் அமைக்கப்படும் படைப்புக்கள் பெரிதும் துணை செய்கின்றன. அவற்றுள்ளும் கொள்ளத்தக்கன உண்டு, தள்ளத்தக்கனவும் உண்டு. இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் பிராங்க் ஆப்பன்ஹைமர் என்னும் அமெரிக்கப் பௌதிக சாஸ்திரி. அணுகுண்டு ஆக்கும் ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஆப்பன்ஹைமரின் இளைய சகோதரர் இவர்; தாமும் அம்முயற்சியில் உழைத்தவர். 1945-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நியூ மெக்ஸிகோப் பாலைவனத்தில் முதற் குண்டு சோதிக்கப்பட்டபோது அண்ணனுடன் அங்கிருந்தார். 1949-ஆம் ஆண்டில், அவர் முன்னொரு காலத்துப் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தமை பற்றி அந்நாட்டுப் பிரதிநிதி சபையின் குழுவினர் வினவினர். அவர் அதனை ஒப்புக்கொண்டார். ஆனால் பிறர் பெயரைக் கூற மறுத்தார். அதனாற் சர்வகலாசாலைப் பதவியை இழந்து, கொலராடோ மலைநாட்டில் மாட்டுப் பண்ணை நடத்திப் பல ஆண்டுகள் கழித்தார். 1957-ஆம் ஆண்டில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. பேரறிஞர் அவைகளிற் பழகிய அவர், நாட்டுப்புறத்துப் பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடந்த இயந்திர உறுப்புக்களைக் கொண்டே பௌதிகம் பயிற்றினார்.

இவ்வரலாற்றை விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானம் ஒரு சிலர் கையிற் பூட்டப்பட்டிருந்தால் என்ன நேரும் என்பதை அவர் தம் கண்ணாற் கண்டவர். அதனை எளியோர் கையிற் கொடுத்தால் என்ன நேரும் என்பதையும் தம் கண்ணாற் கண்டவர். இவ்விரு அனுபவங்களும் ஓருள்ளத்திற் சேர்ந்து முதிர்ந்ததன் பயனே ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் 1969-ஆம் ஆண்டில் அவர் திறந்துவைத்த 'எக்ஸ்புளோரட்டோரியம்' என்று யான் கருதுகிறேன். 1915-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்கென எழுப்பப்பட்ட நுண்கலை மாளிகையே அதன் முதல் இருப்பிடமாயிற்று. 2013-ஆம் ஆண்டில் அஃது அந்நகரத்துத் துறைமுகப் பக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே "தொடாதீர்கள்" என்னும் விதி தலைகீழாயிற்று. காண்போர் கருவிகளைத் திருப்பியும் அசைத்தும் ஊதியும் ஒளியை மறித்தும் தாமே கண்டறிதல் வேண்டும். 1971-ஆம் ஆண்டில் அங்கு அமைந்த குவிமாடம் ஒன்று முற்றும் இருளாயது. அதனுட் புகுவோர் கண்ணின் துணையை விட்டுக் கையாற் தடவியே வழி காணுதல் வேண்டும்.

அவர் விஞ்ஞானிகளோடு நில்லாது கலைஞர்களையும் அங்கு அழைத்தார். 1974-ஆம் ஆண்டு முதல் அவர்கள் அங்கேயே தங்கிப் படைக்கவும் ஏற்பாடு செய்தார். சுவருக்கு வர்ணம் பூசுதற்கு அன்று அவர்களை அழைத்தது. கலைஞனும் விஞ்ஞானியும் இயற்கையைக் கூர்ந்து நோக்குவோர் என்பதும், ஒருவன் காணாது விட்டதை மற்றவன் காண்பான் என்பதும் அவரது கொள்கை. பாப் மில்லர் என்பார் அங்கு அமைத்த சூரிய ஓவியம் இதற்குச் சான்று. வெளியிலிருந்து வரும் கதிரவன் ஒளியைக் கண்ணாடிப் பட்டகங்கள் நிறங்களாகப் பிரிக்க, ஆடிகள் அந்நிறங்களைத் திரையில் வீழ்த்தும். ஒருவர் குறுக்கே நடந்தால், அவர் மறித்த நிறம் ஒழிய எஞ்சிய நிறங்கள் புதிய கோலம் காட்டும். ஒளிப்பிரிகையை நியூட்டன் காட்டிய அதே வழியில் அங்கே காண்கிறோம். ஆனால், கரும்பலகையின் முன் அன்று, அவ்வொளியின் நடுவிலேயே நின்று காண்கிறோம்.

நிற்க, கட்டிடத்தின் உள்ளிருந்து வெளியே வருவோம். அதே நகரத்தின் விரிகுடாக் கரையில் 1986-ஆம் ஆண்டில் 'அலை ஆர்கன்' என்னும் படைப்பொன்று எழுந்தது. பீட்டர் ரிச்சர்ட்ஸ் என்னும் கலைஞர் அதனைக் கருதி வகுத்தார்; ஜார்ஜ் கொன்ஸாலெஸ் என்னும் கற்சிற்பி கட்டுமானத்தைச் செய்தார். அப்படைப்புக்குப் பொருளீட்ட உழைத்த ஆப்பன்ஹைமர் 1985-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றமையால், அஃது அவர் நினைவுக்கே உரித்தாக்கப்பட்டது. அங்குள்ள படிகளும் இருக்கைகளும் இடிக்கப்பட்ட பழைய கல்லறைத் தோட்டமொன்றின் கற்கள். அவற்றினூடே, வெவ்வேறு உயரங்களிற் குழாய்கள் கடலுள் இறங்கி நிற்கின்றன. அலை வந்து குழாயின் அடிவாயில் மோதுகிறது. உள்ளிருக்கும் காற்று அசைகிறது. அவ்வசைவு மேல்வாயில் முழக்கமாகவும் முணுமுணுப்பாகவும் வெளிப்படுகிறது.

தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதைக் கேட்டிருக்கும் நம் கல்லூரி மாணவர்க்கு இதன் இயல்பை விளக்குதல் எளிது. அங்கே துருத்தி காற்றை ஊட்டுகிறது; வாசிப்பவர் எந்தக் குழாய் ஒலிக்க வேண்டும் என்று தெரிந்தெடுக்கிறார். இங்கே கடலே துருத்தி, கடலே வாசிப்பவர். குழாயின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவு ஈரிடத்தும் ஒன்றே: நெடிய குழாய் தாழ்ந்த ஒலியும் குறிய குழாய் உயர்ந்த ஒலியும் தரும். பாடப்புத்தகத்தில் ஒரு சூத்திரமாக நாம் மனனம் செய்யும் இவ்வுண்மையை, அக்கரையில் உட்கார்ந்த ஒரு மீனவர் மகன் எழுத்தறியாமலே கண்டுகொள்ளல் கூடும். ஒரு குழாயினின்று மற்றொரு குழாய்க்குச் செவியை மாற்றுவதே அவன் செய்யவேண்டிய பரிசோதனை.

மற்றொன்றும் கூறவேண்டும். நீர் வற்றியிருக்கும் வேளையில் அங்குச் செல்பவர்க்கு ஓசை மிகுதியாகக் கேளாது. கடல் பெருகும் வேளையே ஏற்றது. இதனைக் குறையென்பர் சிலர். யான் இதனையே அதன் பெருமை என்பேன். காசு போட்டவுடன் பாடும் பெட்டியன்று அது. கேட்க விரும்புவோன் திங்களையும் கடற்பெருக்கையும் அறிந்து, அவற்றின் நேரத்துக்குத் தன் நேரத்தை இசைவித்துச் செல்ல வேண்டும். இயற்கை நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்பது விஞ்ஞானத்தின் முதற் பாடம். அலை ஆர்கன் அப்பாடத்தை எவரையும் கடிந்துகொள்ளாமற் கற்பிக்கின்றது.

இனி, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஐரோப்பாவின் ஏட்ரியாட்டிக் கடற்கரைக்குச் செல்வோம். குரோயேஷியா நாட்டு ஸாடர் என்னும் பழம்பதி இரண்டாம் உலக யுத்தத்திற் குண்டு வீச்சினாற் பெரிதும் அழிந்தது. யுத்தத்தின் பின்னர் அதன் கடல்முகப்பு அவசரமாக ஒரு காங்கிரீட்டுச் சுவராகக் கட்டப்பட்டது. அழகற்ற அக்கரையில் 2005-ஆம் ஆண்டில் நிக்கோலா பாஷிச் என்னும் கட்டிடச் சிற்பி ஏறக்குறைய எழுபது மீட்டர் நீளத்துக்கு வெண்கற் படிகளை அமைத்தார். படிகளின் கீழே முப்பத்தைந்து குழாய்கள் மறைந்துள்ளன. அலை உட்புகுந்து காற்றை உந்த, அக்காற்று ஊதுகுழல் வாய்களின் வழியே சென்று, படிகளில் உள்ள துளைகளால் இசையாக வெளிவருகிறது. 2008-ஆம் ஆண்டில் அதே சிற்பி அதனருகே இருபத்திரண்டு மீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றைத் தரையிற் பதித்தார். அதன் முந்நூறு கண்ணாடிப் பலகைகளின் கீழ் உள்ள சாதனங்கள் பகலெல்லாம் வெயிலை மின்சாரமாக்கிச் சேர்த்து, இரவில் அதனைப் பல நிற ஒளியாகத் திருப்பித் தருகின்றன. கட்டணம் இல்லை, வாயிற்காவலர் இல்லை, முதியோர் படியில் அமர்ந்து கேட்கின்றனர், சிறுவர் ஒளிமேல் ஓடுகின்றனர். குண்டு அழித்த கரைக்கு மக்களை மீண்டும் அழைத்து வந்தது எது? ஒலியைப் பற்றிய அறிவும் ஒலியின்மேல் வைத்த அன்பும் ஒருங்கு கூடியதேயன்றோ?

இத்தகைய படைப்புக்களைக் குறித்து மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. அவற்றை மறைத்துவிட்டு நம் பக்கத்தை மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

முதல் ஆட்சேபம் கலைஞர் சிலருடையது. "இவை விளையாட்டுப் பொருள்கள், கலை என்பது மௌனமாக நின்று உள்ளத்தாற் காணப்படுவது, கையாற் குலுக்கிப் பார்ப்பதன்று" என்பர் அவர். மௌனமான கலையின் உயர்வை யானும் மறுக்கவில்லை. ஆயினும் இசைக்கருவி வாசிப்பவன் விரலின்றி இசைப்பதில்லை. நாடகம் நடிப்பவன் உடலின்றி நிகழ்வதில்லை. பிறர் பங்கைப் பெற்று நிறைவதனால் ஒரு கலை தாழ்ந்துவிடுமாயின், இவையும் தாழ்ந்தனவே. விளையாட்டு என்னும் சொல்லையும் நாம் இகழ வேண்டுவதில்லை. குழந்தை உலகத்தை அறிவது விளையாட்டினாலேயே. ஆராய்ச்சியாளன் செய்வதும் ஒழுங்குபட்ட விளையாட்டென்றே சொல்லலாம்.

இரண்டாம் ஆட்சேபம் விஞ்ஞான ஆசிரியர் சிலருடையது. "வியப்பு உண்டாகிறது, மெய்தான். ஆனால் அறிவு உண்டாகிறதா? விதியைக் கூறாது காட்சியை மட்டும் காட்டுவது செப்பிடு வித்தை" என்பர் இவர். இது வலிவுடைய வாதம். இதற்கு மறுமொழியாக, டென்மார்க்கிற் பிறந்த ஓலபூர் எலியாசன் என்பார் 2003-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில் அமைத்த செயற்கைச் சூரியனைக் குறிப்பேன். அரைவட்டமாக வைத்த ஏறக்குறைய இருநூறு விளக்குகளை மேல்விதானம் முழுதும் பரப்பிய ஆடிகள் பிரதிபலித்தமையால் முழுவட்டச் சூரியன் தோன்றிற்று. மெல்லிய மூடுபனி மண்டபத்தை நிறைத்தது. அவ்விளக்குகள் ஏறத்தாழ ஒரே அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியைத் தந்தன. ஆகவே அங்குப் புகுந்தோரின் சிவப்பு ஆடையும் நீல ஆடையும் தம் நிறத்தை இழந்தன; மஞ்சளும் கருமையுமே எஞ்சின. மக்கள் தரையிற் படுத்து, மேலே ஆடியில் தம் சிறு உருவத்தைத் தேடிக் கையசைத்தனர். 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர்.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனின், அக்கலைஞர் தம் உபாயத்தை ஒளிக்கவில்லை. விரும்பினோர் அச்சூரியனின் பின்புறம் சென்று விளக்குகளையும் கம்பிகளையும் காணலாம். செப்பிடு வித்தைக்காரன் மறைப்பான், இவர் காட்டினார். "என் சிவப்புத் துணி எங்ஙனம் கறுத்தது?" என்று ஒருவன் வீடு திரும்பும் வழியில் நினைப்பானாயின், நிறம் பொருளில் மட்டும் உள்ளதன்று, அதன்மேல் விழும் ஒளியையும் பொறுத்தது என்னும் உண்மையின் வாயிலுக்கு அவன் வந்துவிட்டான். நம் ரசாயனச் சாலையில் உப்பைச் சுடரிலிட்டு மஞ்சள் நிறம் காணும் மாணவனுக்கும் அவனுக்கும் இடையே உள்ளது ஓரடித் தூரமே. வகுப்பறை செய்யும் பணியை இப்படைப்புக்கள் செய்யா என்பது உண்மை. வகுப்பறையில் விடை முதலில் வருகிறது. வினா பரீட்சையில் வருகிறது. இங்கே வினா முதலில் வருகிறது. வினாவின்றி வந்த விடை, பசியின்றி உண்ட உணவை ஒக்கும்.

மூன்றாம் ஆட்சேபம் பொருள் பற்றியது. அறம் பற்றியதும் ஆகும். இதே எலியாசன், மினிக் ரோசிங் என்னும் நிலவியல் அறிஞரோடு சேர்ந்து, கிரீன்லாந்தின் கடற்கழி ஒன்றில் மிதந்த பனிப்பாறைத் துண்டுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நகர்களின் நடுவே வைத்தார். 2014-ஆம் ஆண்டிற் கோபன்ஹேகனிலும், 2015-ஆம் ஆண்டில் உலக நாடுகள் தட்பவெப்ப மாறுதல் பற்றிக் கூடியபோது பாரிஸிலும், 2018-ஆம் ஆண்டில் லண்டனிலும் அவை வைக்கப்பட்டன. மக்கள் அவற்றைத் தடவினர், தழுவினர், செவியை வைத்துக் கேட்டனர். பனி உருகுந்தோறும், நெடுங்காலத்துக்கு முன்னர் அதனுள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் வெடித்துச் சிறு ஒலி எழுப்பும். "பூமி சூடேறுவதை உணர்த்துதற்கு எண்ணெயை எரித்துப் பனிக்கட்டியைக் கொணர்வதா?" என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வியே. அத்துண்டுகள் பனிப்படலத்தினின்று முன்னரே முறிந்து, கடலில் உருகிக்கொண்டிருந்தவை. கொணர்ந்ததனால் ஆன கரியின் கணக்கையும் அவர்கள் வெளியிட்டனர். ஆயினும் அக்கேள்வி முற்றும் தீர்ந்துவிட்டதென யான் சொல்லேன். கணக்கைக் காட்டும் கடமை உண்டு; காட்டியதனாலேயே செலவு தகுதியுடையதாகிவிடாது. தட்பவெப்பத்தைக் குறித்த நூறு அட்டவணைகளைப் படித்தும் அசையாத நெஞ்சம், கைக்குக் கீழே கரையும் பனியைத் தொட்டு அசையுமாயின், அச்செலவு வீண் அன்று. அசைந்த நெஞ்சம் மறுநாளே மறந்துவிடுமாயின், அது வீணே. தீர்ப்பு கலைஞன் கையில் மட்டும் இல்லை; தொட்டவன் கையிலும் உண்டு.

இவ்வாராய்ச்சியினின்று மூன்று உரைகற்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று: படைப்பில் இயற்கையின் விதி உண்மையாகவே தொழிற்பட வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன் முன்னரே பதிந்துவைத்த ஒலியும் ஒளியும் வருவது பங்குகொள்ளல் அன்று, அது வேடிக்கை. யார் அழுத்தினும் ஒன்றே நிகழுமாயின், அழுத்தியவனுக்கு அதிற் பங்கு யாது? இரண்டு: காரணத்தை அறிய விரும்புவோனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். விளக்கப் பலகை இல்லாவிடினும் குற்றமில்லை. உபாயத்தை மூடிமறைத்தலே குற்றம். மூன்று: அது பொதுமக்களுடையதாக இருக்க வேண்டும், இருந்துகொண்டும் இருக்க வேண்டும். திறப்புவிழா அன்று மாலை சூடிப் பின்னர்ப் பழுதுபட்டுக் கிடக்கும் படைப்பு, "உங்களுக்கு இது போதும்" என்று எளியோரை நோக்கிச் சொல்லுவதாகும். ஆகவே, கட்டுதற்கு ஒதுக்கும் பொருளோடு காத்தற்கும் பொருள் ஒதுக்காத எந்த ஸ்தாபனமும் இம்முயற்சியில் இறங்காதிருத்தலே நன்று.

இறுதியாக, நம்மைப் பற்றி ஒரு சொல். விஞ்ஞானப் பகுதி மாணவரும் கலைப் பகுதி மாணவரும் ஒரே வாயிலாற் கல்லூரியுட் புகுகிறோம். புகுந்தபின் வெவ்வேறு தேசத்தார் போல் வாழ்கிறோம். ஒரு சாரார்க்குக் கவிதை ஓய்வுநேர அலங்காரம். மறு சாரார்க்குப் பௌதிகம் பிறர் வீட்டுக் கணக்கு. இது கல்லூரியோடு ஒழியுமாயின் கவலையில்லை. இங்கிருந்து செல்வோரே நாளை ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் நகரசபை உறுப்பினராகவும் அமர்ந்து, பூங்காவில் எதை வைப்பது, பள்ளியில் எதைப் பூட்டுவது என்று தீர்மானிக்கப் போகின்றனர். அலை ஆர்கனுக்குக் குழாயும் கல்லும் கடலும் வேண்டியிருந்தன, பேரியந்திரங்கள் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தவை ஒலியின் இயல்பை அறிந்தவன் ஒருவனும், கல்லை அறிந்தவன் ஒருவனும், இருவரும் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கும் பொறுமையுமே.

அப்பொறுமை நம் வளாகத்தில் அரிதாயிருப்பதே எனது குறை. ஆண்டுதோறும் நாம் நடத்தும் விஞ்ஞானக் காட்சியையும் கலை விழாவையும் ஒரே நாளில், ஒரே முற்றத்தில், இரு பகுதி மாணவரும் கூடிச் சமைத்த பொருள்களோடு நடத்திப் பார்த்தல் ஆகாதா? ஊர்ச் சிறுவர்க்கு அன்று வாயிலைத் திறந்துவிடலாம். "தொடாதீர்கள்" என்னும் பலகையை அன்று ஒருநாள் கழற்றிவைக்கலாம். சில பொருள்கள் உடையும், அவற்றைச் சீர்ப்படுத்தலாம். தொடாமலே கழிந்த இளமையைச் சீர்ப்படுத்துதல் எவராலும் இயலாது.